அண்ணன் வண்டிக்கு நான் எடுத்துக்கொடுத்த நான்கு டயர்கள்

டயர் வாங்க வருகிறவர்கள் முதலில் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள், பழம் வாங்குகிற மாதிரி. சிலர் காலால் லேசாக ஓர் உதை விடுவார்கள். ரிம்மில் மாட்டாத, காற்றே அடைக்காத டயரை அமுக்கி என்னத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பதினெட்டு வருடமாக எனக்குப் புரியவில்லை. அமுக்கிவிட்டு, "கெட்டியா இருக்கு" என்று தலையாட்டுவார்கள். நானும் கூடவே தலையாட்டுவேன்.

பார்க்க வேண்டியது பக்கவாட்டில் இருக்கிறது. எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்ன நீள்வட்டம், அதற்குள் நான்கு எண்கள். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். டயர் பிறந்த தேதி அது. கடைக்கு வருகிற நூறு பேரில் இரண்டு பேர்கூட அதைப் படிப்பதில்லை. என் அண்ணனும் படிக்கவில்லை. நான் நான்கு டயரையும் அந்த எண்கள் வெளிப்பக்கம் தெரியும்படிதான் மாட்டினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், மேடம். குனிந்திருந்தால் தெரிந்திருக்கும்.

என்னைப் பற்றி முதலில் சொல்லச் சொன்னீர்கள். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. புறவழிச் சாலையில் இருக்கிற டயர் கடை என் வீட்டுக்காரர் வைத்தது. கல்யாணமான புதிதில் நான் மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பேன், அவ்வளவுதான். பிறகு சக்கரத்தின் எடையைச் சமன்படுத்தும் பேலன்சிங் மெஷின் கற்றுக்கொண்டேன், சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் கற்றுக்கொண்டேன். ஐந்தாவது வருடத்தில் எந்த வண்டி வந்து நின்றாலும் அதன் டயர் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்து ஓட்டுகிறவரின் குணத்தைச் சொல்லிவிடுவேன். அவர் அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். வருகிறவர்கள் என்னிடம் கேள்வி கேட்டு, நான் பதில் சொன்னால், திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் உடனே கையைத் தூக்கி, "அவங்க சொல்றதுதான் சரி, என்னைப் பார்க்காதீங்க" என்பார். அப்படி ஒரு மனிதர்.

அவர் பழைய டயர் விஷயத்தில் மட்டும் கறாரானவர். வயதான டயரைக் கழற்றினால் அன்றைக்கே கத்தியால் பக்கவாட்டில் ஒரு கீறல் போட்டுவிடுவார். "பார்க்க நல்லா இருக்கும், எவனாவது எடுத்து மாட்டிக்குவான். அவன் பொண்டாட்டி புள்ளைங்களோட போவான்" என்பார். ரப்பர் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே காய்ந்து போயிருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், அண்ணன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான். அண்ணன் கட்டட ஒப்பந்தக்காரன். ஊருக்கு வெளியே ஒரு மனை பார்க்க வேண்டும், துணைக்கு வாங்க மாப்பிள்ளை என்றான். அப்போது அவனிடம் வேறு வண்டி இருந்தது. முன்டயர் இரண்டும் வழுக்கை. அவர் இரண்டு மாதமாக மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். "டயர் கடைக்காரரைச் சொந்தமா வச்சுக்கிட்டா இதான் தொல்லை, பார்க்கிற வண்டிக்கெல்லாம் டயர் மாத்தணும்பாரு" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் சிரிப்பான். அவரும் சிரிப்பார்.

ஒரு வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. ஸ்கூட்டரில் வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர் அங்கேயே போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தார். பேசவில்லை. அண்ணனுக்கு நெற்றியில் இரண்டு தையல்.

உங்கள் போலீஸ் ஆட்களிடம் அண்ணன் சொன்னது ஒரே வரி. மாப்பிள்ளைதான் ஓட்டினார்.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் நல்ல பெண். துடைத்து உடுப்பு மாற்ற என்னை அனுமதித்தார். சட்டையைக் கழற்றினேன். சீட் பெல்ட் அழுத்திய தடம் நீலமாக இருந்தது. இடது தோளில் தொடங்கி வலது இடுப்பு வரை. ஓட்டுகிறவனுக்கு அது வலது தோளில் விழும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் இடது தோள். எனக்கு வண்டிகள் தெரியும், மேடம். நான் அந்தத் தடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அண்ணன் ஒரு மாதம் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போனபோது முண்டா பனியனோடு முகம் கழுவிக்கொண்டிருந்தான். வலது தோளில், ஆறிப்போய், மஞ்சளாக அதே தடம்.

"நீங்கதானே அண்ணா ஓட்டினீங்க?" என்றேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னான். அவசரமே படவில்லை. "கிளறாத. போனவரு போயிட்டாரு. அவரை யாரும் உள்ள வைக்க முடியாது. என்னை வைக்க முடியும். எனக்குப் பொண்ணு இருக்கா."

அம்மா உள்ளிருந்து வந்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "இவன் உள்ள போனா மாப்பிள்ளை எழுந்து வந்துடுவாரா? இருக்கிறது ஒரே அண்ணன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார்.

அண்ணி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. கரண்டி ஒரு நிமிடம் நின்றது, பிறகு மறுபடி கிண்ட ஆரம்பித்தது. அவருக்கும் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரம் அண்ணி தனியாகக் கடைக்கு வந்து என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். என் கையைப் பிடித்துக்கொண்டார், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அண்ணி மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சும்மா இருந்தேன்.

சும்மா இருப்பது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். செத்துப்போன டீச்சரின் கணவர் ஒரு தையல்காரர். ஒரு வருடம் கழித்து ஸ்கூட்டர் பங்க்சர் ஆகி, உருட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். யார் கடை என்று தெரியாமல்தான் வந்திருக்கிறார். ஃபிட்டர் சக்கரத்தைக் கழற்றப் போகும்போது, என் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். கிட்ட வந்து பார்த்தார்.

"இவரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"டயர் கடை வச்சிருந்தாரா?"

நான் தலையாட்டினேன்.

"டயர் கடைக்காரரே வழுக்கை டயரைப் போட்டுக்கிட்டு ஓட்டினாரா?" என்றார். திட்டவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். பிறகு பங்க்சர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காற்றில்லாத ஸ்கூட்டரை அந்த வெயிலில் உருட்டிக்கொண்டே போனார். அடுத்த கடை எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். சாலை ஓரமாக அவர் தலை சின்னதாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். குரல் இறங்கிவிடும். அன்றைக்கு மாலை வரை எனக்குக் குரலே வரவில்லை.

இனி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணி. அண்ணன் தன் எஸ்யூவியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆறேழு மாதத்துக்கு முன் யாரோ ஓட்டிய வண்டியை வாங்கியிருந்தான். டயர் நான்கும் முடிந்துவிட்டது. எங்கள் ஃபிட்டர் சாப்பிடப் போயிருந்தார். அவரை எல்லாரும் மீசைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம், இப்போது நீங்கள் வைத்திருப்பது அவரைத்தான். கடையில் நான் மட்டும் இருந்தேன்.

"நல்லதா நாலு போடு. உன் இஷ்டம்" என்றான் அண்ணன். என் இஷ்டம் என்றவன் அடுத்த கால் மணி நேரம் என்னை வாயைத் திறக்கவிடவில்லை. சைட்டில் மண்ணிலும் ஜல்லியிலும் ஓடணும் என்றான். ஆனால் ஹைவேயில் சத்தம் வரக் கூடாது. முரட்டு டயராகத் தெரியணும், ஆனால் குலுங்கக் கூடாது, அவனுக்கு இடுப்பு வலி. நான் இரண்டு வகையை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று சாலைக்கு, வரிகள் நெருக்கமாக இருக்கும். இன்னொன்று மண்ணுக்கும் சாலைக்கும் நடுவாக, வரிகள் ஆழமாக இருக்கும். இரண்டையும் அமுக்கிப் பார்த்தான்.

"எத்தனை பேர் போவீங்க, எவ்வளவு பாரம் ஏத்துவீங்க?" என்று கேட்டேன். இதை எல்லாரிடமும் கேட்பேன். டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

"நான் மட்டும்தான். வீட்டுக்கும் சைட்டுக்கும். லீவு விட்டா எல்லாரும் போவோம்."

அவன் சொன்னதில் முதல் பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு நைட்ரஜன் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். அவனுடைய நண்பன் ஒருவன் சொன்னானாம், விமானத்துக்கெல்லாம் நைட்ரஜன்தானாம், டயர் சூடே ஆகாதாம், வெடிக்கவே வெடிக்காதாம். சாதாரணக் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான் என்று சொன்னேன். எதை அடைத்தாலும் அளவு சரியாக இருந்தால் டயர் நிற்கும், அளவு சரியில்லை என்றால் எதை அடைத்தும் பயனில்லை என்றேன். இதுதான் உண்மை, இப்போதும் அதையே சொல்வேன்.

அவன் சிரித்தான். "உனக்குத் தெரியாது விடு" என்று சுவரில் இருந்த படத்தைக் காட்டினான். "மாப்பிள்ளை இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல கரெக்டா எடுத்துக் குடுத்திருப்பாரு. டயரைப் பத்தி அந்த மனுஷனுக்குத் தெரியாதது இல்ல. என்ன, ஓட்டத்தான் தெரியல பாவம்."

மேடம், அவன் என்னைக் குத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. நான் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். உண்மையாகவே வருத்தப்பட்டு, உச்சுக் கொட்டிச் சொன்னான். மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். வாயைத் திறக்க உலகத்தில் நான் ஒருத்திதான் பாக்கி. நானும் சும்மா இருந்து செத்துப்போனால், என் வீட்டுக்காரர் ஒரு டீச்சரைக் கொன்றவராகவே இருந்துவிடுவார்.

"நீங்க போய் ஏசியில உக்காருங்க அண்ணா. இதைவிட நல்லது மேல இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றேன். குரல் இறங்கியிருந்தது. அவன் கவனிக்கவில்லை. காத்திருப்போர் அறையில் சோபாவில் காலை நீட்டிப் படுத்தான், ஐந்து நிமிடத்தில் குறட்டை.

மாடி அறையில், ஜன்னலோரம், நான்கு டயர்கள் இருந்தன. அவர் போன பிறகு, வேறொரு வியாபாரி கடையை மூடும்போது வந்தவை. ஓடாதவை. ஆனால் பிறந்து பத்து வருடம் ஆகிவிட்டது, அதில் பாதி வெயிலில். அவர் இருந்திருந்தால் கீறியிருப்பார். நான் கீறாமல் விட்டிருந்தேன். எதற்காக விட்டேன் என்று கேட்டீர்கள். வேலை அதிகம், மறந்துவிட்டேன். அண்ணன் வண்டியின் அளவுக்கு அவை சரியாக இருந்தது தற்செயல்தான்.

உருட்டி இறக்கினேன். துடைத்துப் பாலிஷ் போட்டேன். நானே கழற்றினேன், நானே மாட்டினேன், கடைசி நட்டு வரைக்கும். பேலன்சிங் சுத்தமாகச் செய்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவன் கேட்டபடியே நைட்ரஜன் அடைத்தேன், வால்வில் பச்சை மூடியும் போட்டேன். வண்டிக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் எவ்வளவு அடைக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைவிட நன்றாகக் குறைத்தே அடைத்தேன். குலுங்கக் கூடாது என்று அவன்தானே கேட்டான். பிறகு வண்டிக்குள் ஏறி, அழுத்தத்தைப் புதிதாகப் பதியும் பட்டனை அமுக்கினேன். அந்த வண்டியில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. இப்போது இருப்பதே சரியான அளவு என்று நாம் சொன்னால் அது கேட்டுக்கொள்ளும், காற்று குறைவு என்று விளக்கு எரியாது. வண்டி நான் சொன்னதை நம்பியது.

அண்ணன் எழுந்து வந்து ஒரு சுற்றுச் சுற்றினான். டயரை அமுக்கிப் பார்த்தான். "இப்ப எப்படி இருக்கு பாரு, சிங்கம் மாதிரி" என்றான்.

"நைட்ரஜன் போட்டிருக்கு அண்ணா. ஆறு மாசத்துக்குக் காத்தே பார்க்க வேண்டாம்" என்றேன்.

நான் சொன்ன பொய் என்று எடுத்துக்கொண்டால் அது ஒன்றுதான்.

வேலை அட்டையில் 'பொருத்தியவர்' என்ற இடத்தில் மீசைக்காரர் பெயர் எப்படி வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எல்லா அட்டையிலும் அவர் பெயரைத்தான் எழுதுவேன். பழக்கம். கை தானாக எழுதிவிட்டது.

நான்கு நாள் போனது. சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். காலை பத்தரைக்கு அண்ணி போன் செய்தார். நான் ஒரு காருக்கு அலைன்மென்ட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, பிசியா இருக்கியா? ஒண்ணும் இல்ல, வண்டியில ஏதோ ஆரஞ்சு கலர் விளக்கு எரியுது. லாடம் மாதிரி இருக்கு, நடுவுல ஒரு கோடும் புள்ளியும்."

"யார் ஓட்டுறாங்க அண்ணி?"

"நான்தான். உங்க அண்ணனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, வரலன்னுட்டாரு. எங்க அக்கா வீட்டுக்குப் போறோம், நானும் பாப்பாவும். பின்னாடி பூரா சாமான். இப்பதான் ஹைவே ஏறப் போறேன், பெட்ரோல் பங்க்குல ஓரமா நிறுத்தியிருக்கேன்."

பின்னாலிருந்து அண்ணன் மகளின் குரல் கேட்டது. "அத்தையா? ஸ்பீக்கர்ல போடும்மா." பன்னிரண்டு வயது. என்னிடம் ஒட்டுதல் அதிகம். ஸ்பீக்கரில் போட்டார்கள். "அத்தை, அந்த விளக்கு எரிஞ்சா வண்டி வெடிச்சிடுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அந்த விளக்கு என்றால் ஏதோ ஒரு டயர் இருக்கிற காற்றையும் விட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பத்து வருட டயர், குறைந்த காற்று, பின்னால் பூரா சாமான், வெயில், ஹைவே வேகம். நான் கணக்குப் போடத் தேவையே இல்லை. பதினெட்டு வருடமாக நான் இதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அது புது டயர் போட்டா அப்படித்தான் அண்ணி வரும். ரெண்டு நாள்ல தானா போயிடும். நீங்க போங்க" என்றேன்.

"அப்பாடா. நீ சொன்னா சரி" என்றார் அண்ணி.

போனை வைத்துவிட்டு அந்தக் காரின் அலைன்மென்ட்டை முடித்தேன். அதில் ஒரு தப்பும் வரவில்லை.

பதினொன்றே காலுக்கு வலது பின்டயர் வெடித்தது. வண்டி நடுத்திட்டில் மோதி உருண்டது. அண்ணி அங்கேயே போய்விட்டார். பாப்பாவுக்கு இடது காலில் இரண்டு இடத்தில் முறிவு. நடப்பாள் என்கிறார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

அண்ணன் உங்கள் ஆட்களிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அவளுக்கு ஹைவேல ஓட்டிப் பழக்கம் இல்ல சார்" என்றான். செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்ல அவனுக்கு எப்போதும் ஒரு வரி தயாராக இருக்கும். உடனே உங்கள் அதிகாரி என் பக்கம் திரும்பினார். நானும் ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்.

ஒரு வாரம் கழித்துப் பாப்பாவைப் பார்க்கப் போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"அத்தை, அப்பா அம்மா மேலதான் தப்புங்கிறாரு" என்றாள். "நீங்க போங்கன்னு சொன்னீங்கல்ல. அம்மா உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே போனாங்க. அப்ப அம்மா மேல தப்பு இல்லதானே?"

நான் அவள் முடியை ஒதுக்கிவிட்டேன். "போன்ல எனக்குச் சரியா கேக்கலம்மா" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவளுக்கு ஓய்வு தேவை.

போன திங்கட்கிழமை உங்கள் ஆட்கள் அந்த நான்கு எண்களைப் படித்துவிட்டார்கள். அட்டையில் இருந்த பெயரைப் பார்த்து மீசைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவர் சட்டைகூட மாற்றவில்லை, கையில் கிரீஸோடு ஜீப்பில் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்து, "அக்கா, அன்னிக்கு நான் சாப்பிடப் போயிருந்தேன்ல, சொல்லுங்க அக்கா" என்றார். நான் விசாரிக்கிறேன் என்றேன். இன்றைக்குப் புதன்கிழமை. நானாகத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை. ஒரு நிரபராதி மேல் பழி விழுந்தால் என்னால் தாங்க முடியாது, அதை நான் மூன்று வருடம் அனுபவித்தவள். எனக்கு இரண்டு நாள்தான் ஆனது. அண்ணனுக்கு மூன்று வருடமாகியும் வாய் வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணியும் பாப்பாவும்தான் வண்டியில் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் ஏன் போகச் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். காலையிலிருந்து இதோடு நான்காவது முறை. சரி, சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பங்க்கில் காற்றடிக்கிறவர் இருப்பார். நிறுத்துங்க அண்ணி, அங்கேயே காட்டுங்க என்று நான் சொல்லியிருந்தால் அவர் குனிந்து பார்த்திருப்பார். அவர்கள் தேதியைப் படிப்பார்கள். பத்து வருட டயரை எந்தக் கடையில் மாட்டினார்கள் என்று கேட்டிருப்பார். அண்ணி அண்ணனுக்குப் போன் போட்டிருப்பார். அண்ணன் அன்றைக்குச் சாயங்காலமே எல்லாருக்கும் சொல்லிச் சிரித்திருப்பான், தங்கச்சிக்கு ஒரு டயர்கூட ஒழுங்காப் போடத் தெரியல, மாப்பிள்ளையோட சேர்ந்து அவளும் அப்படித்தான் என்று. அதை நினைத்தேன். போன் காதில் இருந்த அந்த ஐந்தாறு நொடியில் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. பாப்பாவின் குரல் நன்றாகத்தான் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது, போகச் சொன்னேன். கொன்றேன் என்று எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒரு வேண்டுகோள். நீங்கள் இப்போது எழுதியிருக்கும் வரிசை சரியில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு வண்டி ஓட்டவில்லை. அதை முதல் வரியாகப் போடுங்கள். அண்ணி, பாப்பா கால், மற்றதெல்லாம் அதற்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.